பேரிடர்க் கடனும் தலைமுறை நீதியும்

ஓர் அரசு இன்று வாங்கும் வளர்ச்சிக் கடனை அடைத்து முடிக்கப்போகிறவர்களில் பலர், ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். ஏழை நாடுகளுக்கு உலக வங்கி தரும் சலுகைக் கடன்களின் தவணைக்காலம் முப்பது, நாற்பது ஆண்டுகள் வரை நீள்கிறது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் முன்கூட்டியே ஆயத்தமாவதற்கென்று இத்தகைய கடன்கள் பெருகிவருவதால் இரண்டு அறக் கேள்விகள் முன்னுக்கு வந்துள்ளன. சம்மதம் கேட்கப்படாத ஒரு தலைமுறையின் தலையில் கடனை ஏற்றலாமா? பிறர் செய்த தீங்கிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள ஒரு நாடு கடன்பட வேண்டியிருப்பது நியாயமா?

பேரிடர்க் கடன்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. சில, அழிவு நேர்ந்த பிறகு வருபவை. 2019 மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அடுத்த மாதம் பன்னாட்டு நாணய நிதியம் அந்நாட்டுக்கு 11.8 கோடி டாலரை வட்டியில்லாக் கடனாக வழங்கியது. வேறு சில, முன்பே ஒப்புதல் பெற்று, பேரிடர் வந்தால் மட்டும் எடுத்துக்கொள்ளப்படுபவை. 2008இல் கோஸ்டாரிகாவுக்கு 6.5 கோடி டாலர் அளவில் உலக வங்கி இந்த வசதியை அளித்தது. 2009 ஜனவரியில் அங்கே நிலநடுக்கம் ஏற்பட்டபோது, புதிதாகப் பேச்சுவார்த்தை நடத்தாமலே பணம் கிடைத்தது. பேரிடர் மேலாண்மைத் திட்டம் ஒன்றை அரசு நடைமுறையில் வைத்திருக்க வேண்டும் என்பது இவ்வகைக் கடனின் நிபந்தனை. மூன்றாவது வகை, கரைகளும் புயல் பாதுகாப்பு மையங்களும் எச்சரிக்கைக் கருவிகளும் அமைப்பதற்கானது.

முதல் கேள்வி அரசியல் தத்துவத்தில் பழையது. 1789 செப்டம்பரில் பாரிசிலிருந்து ஜேம்ஸ் மாடிசனுக்கு எழுதிய கடிதத்தில், பூமி உயிரோடு இருப்பவர்களுக்கே உரியது என்று தாமஸ் ஜெஃபர்சன் வாதிட்டார். இறந்தவர்கள் அதன்மேல் உரிமை கொண்டாட முடியாது. ஆகவே ஒரு தலைமுறை தன் காலத்துக்குள் அடைக்க முடியாத கடனை வாங்கக் கூடாது என்பது அவர் முடிவு. ஒரு தலைமுறைக்கு அவர் கணக்கிட்ட காலம் 19 ஆண்டுகள். மறு ஆண்டு பிப்ரவரியில் மாடிசன் பதில் எழுதினார். முன்னோர் செய்துவைத்த மேம்பாடுகளை அனுபவிப்பவர்கள் அவற்றுக்கான சுமையிலும் பங்கேற்க வேண்டும். பல தலைமுறைகளைப் பாதிக்கக்கூடிய அந்நியப் படையெடுப்பைத் தடுக்க வாங்கிய கடனை வருங்காலத்தவரும் சேர்ந்து அடைப்பது முறையே என்றார் அவர்.

இந்தியச் சிந்தனை மரபு இதே இடத்தை வேறொரு வழியில் அடைகிறது. மனிதன் கடன்களோடுதான் பிறக்கிறான் என்று வேத இலக்கியம் கருதியது. தைத்திரீய சம்ஹிதை ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் பித்ருக்களுக்கும் பட்ட மூன்று கடன்களைக் கூறுகிறது. சதபத பிராமணம் சக மனிதர்களுக்குப் பட்ட கடனை நான்காவதாகச் சேர்க்கிறது. இவற்றில் பித்ரு கடன் தீரும் விதம் கவனிக்கத்தக்கது. சந்ததியைப் பெறுவதால்தான் அது தீர்கிறது. அதாவது, முன்னோரிடம் பெற்றதைப் பின்வருவோருக்குக் கொடுத்தே கணக்கை முடிக்க வேண்டும். இந்த நோக்கில், காப்பாற்ற வழியிருந்தும் பிள்ளைகளை வெள்ளத்தின் வழியில் விட்டுச்செல்லும் தலைமுறை, வங்கியில் ஒரு ரூபாய்கூடக் கடன் வைக்காவிட்டாலும் கடனாளியே.

மாடிசனின் அளவுகோலை வங்கதேசத்தின் கடற்கரையில் வைத்துப் பார்க்கலாம். 1970ஆம் ஆண்டுப் புயலில் அங்கே குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டனர். 1991இல் மாண்டவர்கள் ஏறத்தாழ 1,38,000 பேர். அவர்களில் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகம். 2007இல் வீசிய சிதர் புயலில் இறப்பு சில ஆயிரங்களாகக் குறைந்தது. கரையோரம் எழுந்த புயல் பாதுகாப்பு மையங்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. 2014இல் உலக வங்கி இம்மையங்களுக்காக 37.5 கோடி டாலர் கடன் வழங்கியது. கட்டடம் கான்கிரீட் தூண்களின் மேல் நிற்கிறது. பொங்கி வரும் கடல்நீர் அடியில் புகுந்து போக வழி விடப்பட்டிருக்கிறது. மாடுகளை விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கி இறந்தவர்கள் பலர் என்பதால், கால்நடைகளை ஏற்றச் சாய்தளமும் மேல்தட்டும் அமைக்கப்படுகின்றன. அந்நிய ஆண்களோடு ஒரே கூடத்தில் அடைந்திருக்கத் தயங்கிய பெண்களுக்குத் தனி அறைகள் உண்டு. புயல் இல்லாத நாட்களில் இதே கட்டடம் தொடக்கப் பள்ளி. கடனை அடைக்கப்போகிற பிள்ளைகள் அதே கட்டடத்தில் படிக்கிறார்கள். அதே கட்டடத்தில் உயிர் பிழைக்கிறார்கள். சம்மதம் கேட்க முடியாதவர்களின் பெயரில் செய்யும் செலவுக்கு இதைவிடத் தெளிவான நியாயம் கிடைப்பது அரிது. அதே வேளையில், கடன் கட்டடத்தை மட்டுமே தரும். எச்சரிக்கைக் கொடியேற்றி, வீடு வீடாகச் சென்று மக்களை அழைத்துவரும் தன்னார்வலர்களை அந்தச் சமூகமே தரவேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு எளிதில் விடை கிடைப்பதில்லை. இங்கே தீங்கு என்பது காலநிலையை மாற்றும் பசுங்குடில் வாயு. உலகின் மொத்த வெளியேற்றத்தில் வங்கதேசத்தின் பங்கு அரை சதவீதத்துக்கும் குறைவு. கரீபியத் தீவு நாடான கிரெனடாவின் பங்கு அதனினும் அற்பம். 2004இல் ஐவன் சூறாவளி அந்நாட்டின் ஆண்டு உற்பத்தியைப்போல ஏறத்தாழ இரு மடங்கு சேதத்தை விளைவித்தது. அரசு கடன் தவணைகளைக் கட்ட முடியாமல் தவித்தது. பின்னர் கடனை மறுசீரமைத்தபோது, சூறாவளி தாக்கினால் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்ற விதியைக் கிரெனடா ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. 2024 ஜூலையில் பெரில் சூறாவளி தாக்கியபின் அவ்விதி பயன்பட்டது. வீடிழந்தவர்களுக்குப் போகவேண்டிய பணம் கடன் கொடுத்தவர்களுக்குப் போகாமல் நின்றது. ஆயினும் தள்ளிப்போனது தவணையே. கடன் அப்படியே இருக்கிறது.

பொறுப்பு பொதுவானது, ஆனால் அளவில் வேறுபட்டது என்ற கொள்கையை 1992ஆம் ஆண்டின் ஐ.நா. காலநிலை உடன்படிக்கை ஏற்றது. வளம்கொண்ட நாடுகள் ஏனைய நாடுகளுக்குச் சூழலியல் கடன் பட்டிருக்கின்றன என்று 2015இல் போப் பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் எழுதினார். தீங்கிழைத்தவர் ஈடுசெய்ய வேண்டும் என்பது எல்லா மரபுகளும் ஒப்பும் நீதி. தீங்கிழைத்தவரே அதற்கான பணத்தைக் கடனாகக் கொடுத்துத் திரும்பப் பெறும்போது அந்த நீதி தலைகீழாகிறது. 2022இல் ஷர்ம் எல் ஷேக் காலநிலை மாநாடு ஒப்புக்கொண்ட இழப்பு மற்றும் சேத நிதியம் இதைச் சீர்செய்யும் முயற்சி. அதற்குப் பணம் தருவது நாடுகளின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கும் வரை அது கடமையின் வடிவைப் பெறாது.

ஆகவே இரு கேள்விகளுக்கும் விடை ஒன்றல்ல. அடைப்பவரையே காக்கும் ஆயத்தத்துக்காக வாங்கும் கடன் அறத்துக்கு முரணானதல்ல. அதை வாங்கத் தவறுவதே பல இடங்களில் பெரும் பிழை. ஆனால் பிறர் விளைவித்த ஆபத்தின் முழுச் செலவையும் பாதிக்கப்பட்டவரின் கணக்கில் கடனாக எழுதுவது அநீதி. அந்தப் பங்கு மானியமாகவே வரவேண்டும்.