அக்கா விட்ட படிப்பு யாருடைய கடன்?



சொந்தங்களே, பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் விழுப்புரத்துலயும் திண்டிவனத்துலயும் இ-சேவை மையங்கள்ல கூட்டம் கூடிடும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், அதோட முதல் பட்டதாரி சான்றிதழ். இதுல மூணாவது சான்றிதழை வச்சு இன்னைக்குக் கொஞ்சம் யோசிப்போம்.

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளை, கவுன்சிலிங் வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. தமிழக அரசு 2010-11 கல்வியாண்டில் இதைக் கொண்டு வந்தது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவங்க, யாருமே பட்டதாரியா இருக்கக் கூடாது. அக்கா ஏற்கெனவே டிகிரி முடிச்சிருந்தா தம்பிக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது.

அதாவது, அக்கா படிச்சது அக்காவுக்கு மட்டும் சேர்ந்தது இல்ல, அந்த வீட்டுக்கே வந்த சொத்துன்னு அரசாங்கம் ஒரு கணக்கு போடுது.

அந்தக் கணக்குல உண்மை இருக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். அன்றைய விழுப்புரம் மாவட்டத்துல சுமார் 72 தான். நம்ம பக்கம் கல்லூரி இல்லாம இல்ல. விழுப்புரத்துல அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கு. திண்டிவனத்துல கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி இருக்கு. முண்டியம்பாக்கத்துல மெடிக்கல் காலேஜே இருக்கு. ஆனா காலேஜ் வாசலை மிதிக்காத அப்பா அம்மாவுக்கு விண்ணப்பம் எப்போ போடணும், எந்த குரூப் எடுத்தா எதுக்குப் போகலாம், ஸ்காலர்ஷிப்புக்கு எங்க கையெழுத்து வாங்கணும்னு எப்படித் தெரியும்? ஒரு பிள்ளை தட்டுத்தடுமாறிப் போய் வந்துட்டா, அடுத்த பிள்ளைக்கு அதெல்லாம் வீட்டுக்குள்ளயே கிடைச்சிடும். "பயப்படாதடா, நான் கூட வரேன்"னு சொல்ற ஒரு அண்ணன் பல டியூஷனுக்குச் சமம்.

ஆனா இந்தக் கணக்குல எழுதாத வரவும் ஒண்ணு இருக்கு. அக்கா படிச்சதால தம்பிக்குக் கிடைச்சது அந்த ஃபார்ம்ல வருது. அக்கா படிக்காம விட்டதால தம்பிக்குக் கிடைச்சது எந்த ஃபார்ம்ல வருது?

நம்ம ஊர்ப் பக்கம் இது தெரியாத வீடு இருக்கா? கரும்பு வெட்டவோ செங்கல் சூளைக்கோ அப்பா அம்மா போயிட்டா, கைக்குழந்தையைப் பாத்துக்க மூத்த பொண்ணு வீட்டுல நின்னிருக்கும். தங்கச்சி ஃபீஸுக்காக ஒரு அண்ணன் பத்தாவதோட நிறுத்திட்டு ஒரகடம் கம்பெனி பஸ் ஏறியிருப்பான். அவங்க சம்பளத்துல, அவங்க தூக்கத்துல, அவங்க சமைச்ச சோத்துல இன்னொருத்தர் படிச்சு மேல வந்திருப்பாங்க.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல. தைவான் நாட்டுக் குடும்பங்களைப் பத்தி 1993-ல் ஓர் ஆய்வு வந்தது. முதலில் பிறந்த பெண்கள் சீக்கிரம் வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்விட, அந்த வீட்டின் பாரம் குறைந்து, பின்னால் பிறந்தவர்கள் கூடுதலாகப் படித்தார்கள் என்று அது சொன்னது. அந்த நாட்டின் வளர்ச்சியைப் பார்த்து உலகமே ஆச்சரியப்பட்டது. அந்த வளர்ச்சிக்குள்ள எத்தனை அக்காக்களோட பள்ளிக்கூடம் இருக்கோ!

இதை நாம "தியாகம்"னு ஒரே வார்த்தையில சொல்லி முடிச்சிடறோம். அங்கதான் ஒரு கேள்வி வருது. தானா கொடுத்தாதானே தியாகம்? பன்னிரண்டு வயசுப் பொண்ணுகிட்ட யாரும் கேட்காம, "நீ வீட்டுல இரு, தம்பி போகட்டும்"னு முடிவு பண்ணிட்டா, அது அவ கொடுத்ததா, அவகிட்ட இருந்து எடுத்ததா?

நம்ம பக்கத்துலயே இதுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கு. விழுப்புரத்துல இருந்து பண்ருட்டி பக்கம் போனா திருவாமூர். அப்பர் சுவாமிகள் அவதரித்த ஊர். பெரியபுராணம் சொல்ற கதை இது. அப்பா புகழனாரும் அம்மா மாதினியாரும் அடுத்தடுத்து இறந்துட்டாங்க. அக்கா திலகவதியாருக்கு நிச்சயம் செஞ்ச கலிப்பகையார் போர்ல உயிர் விட்டார். அக்கா தானும் உயிரை விடத் துணிஞ்சாங்க. தம்பி மருணீக்கியார் காலில் விழுந்து அழுதார். அந்தத் தம்பிக்காக அவங்க வாழ முடிவு செஞ்சாங்க. தம்பி வளர்ந்தார், சமண சமயத்துல சேர்ந்து நிறையக் கற்றார், தருமசேனர்னு பெரிய பேர் எடுத்தார்.

இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, திலகவதியார் எடுத்த முடிவு அவங்களோடது. யாரும் அவங்க மேல சுமத்தல. ரெண்டாவது இன்னும் முக்கியம். தம்பிக்காக வாழ்ந்தவங்க தம்பியையே தன்னோட முழு வாழ்க்கையா ஆக்கிக்கல. அவர் போன பிறகு திருவதிகைக் கோயில்ல தனக்குன்னு ஒரு தவம், ஒரு தொண்டு வச்சிருந்தாங்க. சூலை நோய்ல துடிச்சு தம்பி ஆள் அனுப்பினப்போ, "நான் அங்க வர மாட்டேன்"னு உறுதியா சொல்ற தைரியம் அதனாலதான் வந்தது. தம்பி ராத்திரியோட ராத்திரியா அவங்களைத் தேடி வந்தார். திருநீறு கொடுத்துக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போனாங்க. அங்கதான் நமக்கு அப்பர் கிடைச்சார்.

தனக்குன்னு ஒரு வழி இருந்த அக்காவாலதான் தம்பிக்கு வழி காட்ட முடிஞ்சது. அக்காவோட வழியை அடைச்சுட்டுத் தம்பிக்கு வழி திறக்கறது அந்தக் கதைக்கு நேர் எதிர். "திலகவதியார் மாதிரி இரு"ன்னு ஒரு பொண்ணுகிட்ட சொல்றதுக்கு முன்னாடி இதை நாம யோசிக்கணும்.

"அண்ணே, வீட்டுல காசு ஒருத்தர் படிக்கத்தானே இருக்கு, என்ன செய்ய?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நம்ம அப்பனோட மாம்பழக் கதையே அதுதானே. பழம் ஒண்ணு, பிள்ளைங்க ரெண்டு, பழத்தை வெட்டவும் கூடாது. போட்டி வச்சா ஒருத்தர் ஜெயிப்பார், ஒருத்தர் பழனிக்குப் போயிடுவார். ஆனா அதே அண்ணன் விநாயகர்தான் பின்னாடி வள்ளி கல்யாணத்துக்கு யானையா வந்து தம்பிக்கு உதவினார். அண்ணன் தம்பிக்குள்ள பகை இல்ல. பழம் ஒண்ணா இருந்ததுதான் பிரச்சினை. அந்தப் பழத்தை ரெண்டாக்க முடியுமான்னு பாக்காம, யார் விட்டுக் கொடுக்கணும்னு மட்டும் பேசுற வீட்டுல எப்பவும் விட்டுக் கொடுக்கறது ஒரே ஆளாத்தான் இருக்கும்.

ரெண்டாக்க இன்னைக்கு வழி இருக்கு. 6 முதல் 14 வயசு வரைக்கும் படிப்பு சட்டப்படி உரிமை. அரசுப் பள்ளியில 6 முதல் 12 வரை படிச்ச பெண்கள் மேல படிச்சா மாசம் 1,000 ரூபாய் தர புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கினது. விட்டுப்போனவங்க தனித்தேர்வரா பத்தாவது எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கு, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கு. நம்ம மயிலத்துல 1938-லேயே தமிழ்க் கல்லூரி வந்துடுச்சு. படிப்புக்குக் காலம் கடந்துபோச்சுன்னு சொல்ற மண் இல்ல இது.

மூத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பி தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுக்கறது நஷ்டம்னு நினைக்காதீங்க. நார்வேயில ராணுவத்துக்கு வந்த இளைஞர்கள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களை வச்சு செஞ்ச ஆய்வு 2007-ல் வெளியானது. அறிவுத்திறன் தேர்வில் மூத்த பிள்ளைகள் கொஞ்சம் முன்னால் நின்றார்கள். இதுல அதிசயம் என்னன்னா, மூத்தது சின்ன வயசுலயே இறந்துபோய், ரெண்டாவது பிள்ளை மூத்தவனா வளர்ந்த வீடுகள்ல அந்தப் பிள்ளையும் அதே அளவு வாங்கினான். பிறப்பு வரிசை இல்ல, வீட்டுல இருக்கிற இடம்தான் காரணம். சின்னதுக்குச் சொல்லித் தரும்போது பெரியவனுக்கே பாடம் பதியுதுங்கறது அதுக்கு ஒரு விளக்கம். அதனால சொல்லிக் கொடுங்க. "என் மார்க்கைப் பாரு, உன் மார்க்கைப் பாரு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அக்கா மார்க் தம்பிக்கு வெளிச்சமா இருக்கணும், பிரம்பா இருக்கக் கூடாது.

இப்போ தலைப்புக்கு வருவோம். அக்கா விட்ட படிப்பு யாருடைய கடன்? சின்ன வயசுல நாம கேட்டு வாங்கினது இல்ல, அதனால குற்ற உணர்ச்சியோட திரிய வேண்டாம். ஆனா அனுபவிச்சவங்க நாம. அதனால அது நம்ம கடன்தான். முதல் சம்பளத்துல புடவை எடுத்துக் கொடுத்தா தீர்ற கடனும் இல்ல. எது அடைஞ்சதோ அதையே திறக்கப் பார்க்கணும். அவங்களுக்குப் படிக்க ஆசை இருந்தா ஃபார்ம் வாங்கிட்டு வாங்க, தேர்வுக் கட்டணம் கட்டுங்க, அவங்க படிக்கிற நேரம் வீட்டு வேலையை நீங்க செய்யுங்க. இனிமே வேண்டாம்னு அவங்க சொன்னா, அவங்க பொண்ணோட படிப்பு எக்காரணத்துக்கும் நிக்காம பாத்துக்கோங்க.

அடுத்த கிருத்திகைக்கு மயிலம் மலை ஏறும்போது உங்களுக்காக விட்டுக் கொடுத்தவங்க பேரைச் சொல்லி அர்ச்சனை பண்ணுங்க. அதுக்கு முன்னாடி, இன்னைக்கே ஒரு போன் போட்டு, "அக்கா, நீ என்ன படிக்கணும்னு ஆசைப்பட்ட?"ன்னு கேளுங்க. நிறைய பேர்கிட்ட இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!