இழுக்காமல் பின்னுதல்

காரைக்குடி வட்டாரத்து நேமத்தான்பட்டியில், சித்திரை வெயில் முற்றத்தை நிறைத்திருந்த ஒரு பிற்பகலில், ஆச்சி ஒருவர் காலுறை பின்னிக்கொண்டிருக்கக் கண்டோம். வளவின் ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலை ஊன்றி நிற்பதே சுகமாயிருந்த வேளை அது. இவ்வூரில் காலுறைக்கு என்ன வேலை என்று வியந்தோம். பேரன் கனடாவில் இருக்கிறானாம். கம்பளி பட்டால் அவனுக்குத் தோல் தடித்துவிடுகிறதாம். ஆகவே பருத்தியோடு எலாஸ்டிக் இழை சேர்த்து முறுக்கிய நூல் உருண்டைகளை அவனே வாங்கி அனுப்பியிருந்தான். கன்னியர் நடத்திய பள்ளியில் சிறுமியாக இருந்தபோது கற்ற பின்னல், எண்பதைக் கடந்த விரல்களில் இன்னும் மறவாமல் இருந்தது.

நாம் சென்ற நேரத்தில் அவர் பின்னவில்லை, பின்னியதை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாண் நீளத்துக்கு ஒழுங்காக அமைந்திருந்த கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. "நல்லாத்தானே இருந்தது, ஆச்சி?" என்றோம்.

"இழுத்துப் பிடிச்சுப் பின்னிட்டேன், தம்பி. ஊசியில இருக்கயில அழகாத்தான் இருந்துச்சு. கழட்டிப் பாத்தா சின்னப்பிள்ளை காலுக்குத்தான் ஆகும் போல. நூலு நீளுதேன்னு பின்னுற நாமளே இழுத்துட்டா, அப்பறம் போடுற காலுக்கு என்ன இருக்கு?"

இந்தக் கேள்வி அன்று நம்மோடு வீடு வந்தது, இன்னும் போகவில்லை.

ஆச்சி சொன்னதன் தொழில் விளக்கம் எளிது. கம்பளி இழையில் இயல்பாகவே நெளிவு உண்டு; இழுத்தால் நீளும், விட்டால் மீளும். பருத்திக்கு அந்த மீட்சி குறைவு. பருத்திக் காலுறை சில நாளில் தொய்ந்து கணுக்காலில் சரிந்துவிடும். அக்குறையைத் தீர்ப்பதற்கே நீட்சி இழை சேர்க்கிறார்கள். 1958-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கி, பின்னர் லைக்ரா என்று பெயர் பெற்ற இழை அத்தகையது. இன்று திருப்பூரிலிருந்து புறப்படும் பின்னலாடைகள் பலவற்றில் அது கலந்திருக்கிறது. தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேலும் நீண்டு, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்ப வல்லது.

காலுறையைக் காலின் அளவுக்கே பின்னுவதில்லை என்பதையும் ஆச்சியிடமே அறிந்தோம். காலின் சுற்றளவை விட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைத்தே பின்ன வேண்டும். அந்தக் குறையை நூலும் கண்ணியும் நெகிழ்ந்து நிரப்பும். அந்த நெகிழ்ச்சிதான் காலுறையைக் காலில் நிறுத்துகிறது. ஆனால் பின்னும்போதே நூலை விறைப்பாக இழுத்துவிட்டால், ஊசியிலிருந்து கழன்றதும் துணி சுருங்கிப் போகும். கால் நுழையும்போதே நூல் தன்னிடம் உள்ளதை எல்லாம் கொடுத்து முடித்திருக்கும். நடக்கும்போது கொடுப்பதற்கு அதனிடம் எதுவும் மீதி இராது.

நம் குடும்பத்தில் ஓர் அக்கா உண்டு. "அவள் ஒன்றும் சொல்லமாட்டாள்" என்பது எங்கள் வீட்டின் நிலையான வாக்கியம். எட்டாம் வகுப்போடு அவர் படிப்பை நிறுத்தித்தான் நம் கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. அம்மா படுக்கையில் விழுந்த ஈராண்டும், தம் வீட்டையும் நம் வீட்டையும் அவரே சுமந்தார். பொருள் பிரித்தபோது அவருக்கு வந்த பங்கைப் பற்றிச் சொல்ல நமக்கே வெட்கமாக இருக்கிறது. அப்போதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்து, அவருடைய மகள் தான் விரும்பியவரை மணக்க அனுமதி கேட்டு நின்றாள். அக்கா ஒரு சொல் இரங்கவில்லை. கதவைச் சாத்தினார். "இவ்வளவு பொறுமைசாலிக்கா இவ்வளவு கல்நெஞ்சம்?" என்று குடும்பமே அதிசயித்தது, நாமும்தான் அதிசயித்தோம்.

நேமத்தான்பட்டியில் அந்த ஆச்சியின் மடியில் அவிழ்ந்து கிடந்த நூலைப் பார்க்கும் வரை நமக்கு விடை தெரியவில்லை. மகளுக்கென்று இருந்திருக்க வேண்டிய நெகிழ்வை, அவள் பிறக்கும் முன்பிருந்தே நாம் இழுத்துச் செலவழித்திருந்தோம்.

விட்டுக்கொடுப்பது அறமா என்று கேட்டால் ஆம் என்றே சொல்வோம். விட்டுக்கொடுக்காத இடத்தில் எந்த உறவும் நிலைப்பதில்லை. ஆயின் நம் அறிவுரைகள் எல்லாம் யாருக்குச் சொல்லப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? திருமண மேடையில் மணமகளுக்கு. கூட்டுக்குடும்பத்தில் இளைய மருமகளுக்கு. பங்கில் என்றும் முகம் கோணாமல் உழைக்கும் அந்த ஒருவருக்கு. நீளும் நூலைப் பார்த்து இன்னும் நீள் என்கிறோம். இழுக்கும் கையைப் பார்த்து யாரும் பேசுவதில்லை. தவறான முகவரிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்றே தோன்றுகிறது.

ஒரு கல் தொலைவு வரக் கட்டாயப்படுத்துபவனோடு இரு கல் தொலைவு செல்லுமாறு ஆண்டவர் பணித்தாரே என்று கேட்கலாம். உண்மைதான். உரோமைப் போர்வீரன் வழிப்போக்கன் தலையில் தன் சுமையை ஏற்றி நடக்கச் சொல்லக்கூடிய காலம் அது. ஆனால் அச்சொல் சுமப்பவனை நோக்கிச் சொல்லப்பட்டது. இரண்டாம் கல்லைக் கேட்டுப் பெறும் உரிமை வீரனுக்கு எங்கும் வழங்கப்படவில்லை. அது நடப்பவனுடைய கொடை. கொடையைக் கணக்கில் எழுதி வைத்து வசூலிக்கத் தொடங்கும் நாளில் அது மீண்டும் முதல் கல்லாகவே ஆகிவிடுகிறது. அக்காவிடம் நாம் வசூலித்தவை அனைத்தும் முதல் கற்களே.

செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்கள் இதை நம்மினும் நன்கு அறிந்திருந்தார்கள் போலும். நகரத்தாரிடையே மணமான மகனை 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. அதே வீடு, அதே முற்றம்; ஆனால் புதுத் தம்பதியருக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. மணமான ஒவ்வொருவரும் ஒரு 'புள்ளி'. வெளியார் பார்வைக்கு இது பிரிவினையாகத் தோன்றும். நமக்கும் முன்பு அப்படித்தான் தோன்றியது. அன்றாட உப்புக்கும் புளிக்கும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டிராதபடியால், திருமணத்துக்கும் சாவுக்கும் எல்லோரும் ஒன்றுகூட மனத்தில் இடம் இருக்கிறது என்று இப்போது எண்ணுகிறோம்.

செருமனியின் ஹாம்பர்க் நகர ஓவியக்கூடத்தில், 1400-ஆம் ஆண்டையொட்டி வரையப்பட்ட பீடப்படம் ஒன்று இருக்கிறது. புக்ஸ்டஹூட பீடம் என்பர். அதில் அன்னை மரியா நான்கு ஊசிகளைக் கொண்டு தையலில்லாத சட்டையொன்றைச் சுற்றிப் பின்னிக்கொண்டிருக்கிறார். குழந்தை இயேசு அருகில் இருக்க, சிலுவையும் ஆணிகளும் ஏந்திய வானதூதர்கள் வந்து நிற்கின்றனர். ஆண்டவரின் தையலற்ற அங்கி அவர் வளர வளரத் தானும் வளர்ந்தது என்பது இடைக்காலத்து மரபுக்கதை. புதுமையை நம்புவோர் நம்பட்டும். வளரப்போகும் பிள்ளைக்கு இடம் விட்டுப் பின்னிய ஒரு தாயின் கையையே நாம் அக்கதையில் காண்கிறோம்.

ஆச்சி மறுபடியும் தொடங்கினார். இம்முறை உருண்டையிலிருந்து இரண்டு முழம் நூலை முன்னதாகவே உருவி மடியில் தளர விட்டார். அது சற்று நேரம் சுருண்டு கிடந்து தன் நிலைக்கு வந்தபின் விரலில் ஏற்றினார். நாற்பது கண்ணிக்கு ஒருமுறை நிறுத்தி, மீண்டும் உருவி, மீண்டும் காத்திருந்தார். "இப்படியே போனா மெதுவாத்தான் முடியும். அவனுக்குக் குளிரு ஐப்பசிக்கு மேலதானே" என்றார்.

அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குச் சென்றோம். என்ன பேசுவது என்று வழியெல்லாம் கோத்துப் பார்த்தும் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. நம்மைக் கண்டதும் வழக்கம்போல் காப்பி போட எழுந்தார். "உட்கார், அக்கா. இன்றைக்கு நான் போடுகிறேன்" என்றோம். அவர் நம்மை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "உனக்குச் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்றே தெரியாதே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார். நாமும் எழுந்து பின்னால் போனோம்.