சிதிலமும் ரசனையும்

இடிந்த கோட்டை மனசை அமைதிப்படுத்துகிறது என்கிறார்கள். அனுபவம் என்ற அளவில் இது உண்மைதான். ஆனால் அந்த அமைதி தார்மீகமாகச் செல்லுமா என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை.

ஜெர்மனியில், ரைன் பள்ளத்தாக்கின் மரமடர்ந்த சரிவொன்றில் ரைன்ஃபெல்ஸ் கோட்டை சிதைந்து கிடக்கிறது. கூரையில்லாத சுவர்கள், பிளவுகளில் செடிகள், கீழே நதி. அங்கே ஒரு பகல் அலைந்தபோது எனக்கும் அந்த அமைதி கிடைத்தது. எனக்குக் கிடைத்தது, சரி. 1245ல் டீத்தர் என்ற பிரபு இதைக் கட்டியது நதியில் போகும் படகுகளிடம் சுங்கம் கறக்க. சுங்கம் ஏறியதைப் பொறுக்காமல் ரைன் நகரங்கள் ஒன்றுகூடி 1255ல் முற்றுகையிட்டன. ஒரு வருஷத்துக்கு மேல் முயன்றும் பிடிக்க முடியவில்லை. வியாபாரிகள் அண்ணாந்து பார்த்து வயிறெரிந்த இடம் இது.

காடும் பின்னால் வந்ததுதான். எதிரி மறைந்து ஏறிவிடாதபடி கோட்டைச் சரிவுகளை அந்நாளில் மொட்டையாக வைத்திருந்தார்கள். கோட்டையும் காடும் கலந்த இந்த 'மத்தியகால'க் காட்சியை மத்தியகாலத்தவன் பார்த்ததில்லை. அதிகாரம் போன பிறகே மரம் வந்தது.

காலத்தின் கைவேலை என்று உருகவும் வழியில்லை. 1692ல் பதினான்காம் லூயியின் பெரும்படைக்கு மசியாத கோட்டை, 1794ல் புரட்சி பிரான்ஸின் படையிடம் சண்டையின்றிச் சரணடைந்தது. 1796லும் 1797லும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மிஞ்சிய கல்லைப் பெயர்த்துக் கோப்ளென்ஸில் பிரஷ்ய அரசு எழுப்பிய புதுக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பழைய அதிகாரத்தின் கல் புதிய அதிகாரத்துக்கு ஆயிற்று.

செத்த புலியின் தோலைத் தடவுகிறோம், அதில் என்ன குற்றம் என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசை. ஆனால் 1843ல் இந்த இடிபாட்டை விலைக்கு வாங்கி, மேற்கொண்டு அழியாமல் காத்தவர் பிரஷ்ய இளவரசர் வில்ஹெல்ம். 1849ல் பாடனில் அரசியல் சட்டமும் குடியரசும் கேட்டு எழுந்தவர்களைப் படைநடத்தி நசுக்கியவரும் அவரே. பின்னால் ஜெர்மன் சக்கரவர்த்தி. அவர் கண்ணுக்குப் புலி செத்ததாகப் பட்டிருக்காது, தூங்குவதாகவே பட்டிருக்கும்.

அவர் ரசித்த சுவரைத்தான் நானும் ரசித்தேன். வெளிப்பார்வைக்கு இரண்டு ரசனைக்கும் பேதமில்லை. சுங்கம் கட்டியவனை நான் நினைத்துக்கொண்டேன், அவர் நினைத்திருக்கமாட்டார் என்று ஒரு பேதம் சொல்லலாம். நினைத்துக்கொண்டேன்தான். நினைத்த பிறகும் சுவர் அழகாகவே இருந்தது.