ஓடும் ஒரு பந்தமே

துறவென்பது காவியுடுத்தலன்று, எனதென்னும் பற்றை விடுதலேயாம்.

திருவிடைமருதூரிலே கீழைக்கோபுரவாயிலிற் பட்டினத்தடிகளும், மேலைக்கோபுரவாயிலில் அரசு துறந்துவந்த பத்திரகிரியாரும் இருந்தனர். பின்னவரிடம் இருந்தவை பிச்சையேற்கும் ஓடொன்றும், மிச்சிலுண்ணும் நாயொன்றுமே. தம்மிடம் பிச்சை வேண்டிவந்த ஒருவரை, மேலைவாயிலில் இருக்குஞ் சமுசாரியிடஞ் செல்கவென அடிகள் அனுப்பினாரென்பது வழிவழி வருஞ் சரிதம். அதுகேட்ட பத்திரகிரியார் ஓட்டை வீசியெறிந்தார்; ஓடும் உடைந்தது, அதுபட்டு நாயும் இறந்தது.

இராச்சியத்தை விட்டவரை ஓர் ஓடு பிணித்ததன்றோ! பந்தம் பொருளின் அளவிலன்று, அதனைக் காக்கும் நினைவிலேயே உள்ளது. துறவிகளுக்கு நிலமும் பணமும் ஈந்து புண்ணியந் தேடுவோர் இதனைச் சிந்திப்பாராக. பசித்துவந்த அடியாருக்கு அன்னமிடுதல் இல்லறத்தார் கடன். அவர் காவலிருக்கவேண்டிய பொருளை ஈதலோ, பத்திரகிரியார் எறிந்த ஓட்டை மீண்டும் அவர் கையிற் கொடுத்தலையொக்கும்.

திருச்சிற்றம்பலம்.