எத்தனை மாசம் லீவு?

கடலூர் மாவட்டத்து லால்பேட்டைத் தெருவில், வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய ஒருவர் டீக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று கேள்விகளைத் தாண்டியாக வேண்டும். சலாம் சொன்ன கையோடு வருவது, "எப்ப வந்தீங்க?" அடுத்தது, "எத்தனை மாசம் லீவு?" அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது: "எப்ப பயணம்?" வந்தவர் இன்னும் பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டார். கேட்பவருக்கும் பதிலில் பெரிய அக்கறை கிடையாது. நாலு மாதம் கழித்து அவரே துபாயிலோ ரியாத்திலோ இருப்பார்; அவருடைய முறை வரும்போது இதே மூன்று கேள்விகள் அவரிடம் கேட்கப்படும்.

இதில் நடுக் கேள்வியில் நிற்கும் லீவு என்ற சொல்தான் என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு செய்கிறது.

சிதம்பரம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வெகுகாலம் ஆங்கிலம் நடத்தியவன் நான். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் முதலில் சொந்தமாக எழுதுவது கதையும் இல்லை, கவிதையும் இல்லை, லீவு லெட்டர்தான். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் அந்தக் கடிதத்தை எழுதாமல் எவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஒருமுறை ஒரு பையன் எழுந்து, "சார், காய்ச்சல் வந்தா எதுக்கு சார் சஃபர் போகணும்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. சஃபர் என்றால் அரபியில் பயணம். பிழைக்க வெளிநாடு போனவரைச் சபராளி என்று சொல்வது தமிழ் முஸ்லிம்களிடம் உள்ள வழக்கம். அவன் அத்தாவும், அதாவது அப்பாவும், ஒரு சபராளி. அவனுக்குத் தெரிந்த சஃபர் அதுதான். ஆங்கிலச் சொல்லுக்கும் அரபுச் சொல்லுக்கும் உறவு எதுவும் இல்லை என்று விளக்கிவிட்டு உட்காரச் சொன்னேன். அவன் வீட்டில் உறவு இருந்திருக்கலாம்.

லீவு என்ற சொல்லை நாம் எப்படியெல்லாம் புழங்குகிறோம் பாருங்கள். பையன் லீவு போடுவான். குமாஸ்தா லீவு எடுப்பார். ஹெட்மாஸ்டர் லீவு விடுவார். ஐப்பசி கார்த்திகையில் கடலூர் மாவட்டத்தில் விடிந்தும் விடியாமலும் எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "கலெக்டர் லீவு விட்டாச்சா?" அதே நேரத்தில் வீராணம் ஏரி நிரம்பி, லால்பேட்டைப் பக்கம் வெள்ளியங்கால் ஓடையில் தண்ணீர் விடுவார்கள். பராந்தகச் சோழன் காலத்து ஏரி அது. தேக்குகிறவர்களுக்கு விடவும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரை நிற்காது.

ஆங்கிலத்தில் லீவ் என்பது ஒரு சொல் அல்ல. எழுத்தும் ஒலியும் ஒன்றாகிப்போன இரண்டு சொற்கள். விடுப்பைக் குறிக்கும் லீவ், பழைய ஆங்கிலத்தில் அனுமதி என்ற பொருளில் பிறந்தது. அன்பைச் சொல்லும் 'லவ்' என்ற சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்று. பிரியப்பட்டுத் தருவது, அதனால் அனுமதி. போவதைக் குறிக்கும் லீவ் வேறு வயிற்றுப் பிள்ளை. தொடக்கத்தில் அதற்குப் போவது என்ற பொருளே கிடையாது. 'இருக்க விடு, மிச்சம் வை' என்பதுதான் பொருள். உயிரைக் குறிக்கும் 'லைஃப்' அதன் சொந்தக்காரன். ஒன்றை இருக்க விட்டுவிட்டு நாம் நகர்வதால், காலப்போக்கில் நகர்வதே பொருளாகிவிட்டது. (இலையின் பன்மையும் 'லீவ்ஸ்' என்பது இன்னொரு தொல்லை. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர் பிள்ளைகளுக்கு அதை மட்டும் நான் விளக்க வேண்டியிருந்ததில்லை.)

அகராதியோடு இது முடிந்திருந்தால் வகுப்பறைச் சுவாரஸ்யமாகவே போயிருக்கும். லால்பேட்டையில் அது தெருவுக்கு வந்துவிடுகிறது.

இந்த ஊரின் ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஆலிம்களை, அதாவது மார்க்க அறிஞர்களை, உருவாக்கி வருகிறது. இங்கே ஓதி முடித்தவர்கள் பெயருக்குப் பின்னால் 'மன்பஈ' என்று போட்டுக்கொள்வார்கள். ஆசிரியர் தான் கற்றதை மாணவர் பிறருக்கு ஓதிக்கொடுக்கலாம் என்று தரும் அனுமதிக்கு அரபியில் இஜாஸா என்று பெயர். நம் ஆலிம்கள் இஜாஸத் என்பார்கள். கடல் தாண்டிப் போனால், வளைகுடா முழுவதும் அலுவலகத்தில், கடையில், கட்டட வேலையில் லீவுக்குப் பெயர் என்ன? அதே இஜாஸா. ஒரே ஊரில் ஒரு வீட்டுப் பிள்ளை இஜாஸா பெற்று ஆலிமாகிறான். பக்கத்து வீட்டுப் பிள்ளை இஜாஸா கேட்டு முதலாளி முன்னால் நிற்கிறான். ஆங்கிலமும் அரபியும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன: விடுமுறை என்பது இன்னொருவர் தரும் அனுமதி.

இது சொல் விளையாட்டு இல்லை. கத்தாரில் 2018 வரைக்கும் பெரும்பாலான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுக் கிளம்ப முதலாளியின் அனுமதி வேண்டியிருந்தது. சவூதியில் கஃபீல் எனப்படும் ஸ்பான்சர் முதலாளியின் சம்மதம் இல்லாமலே, போய்த் திரும்புவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா எடுக்கலாம் என்று சட்டம் மாறியது 2021 மார்ச்சில். அப்போதும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் வீட்டு டிரைவர்களுக்கும் அந்தச் சலுகை இல்லை. அத்தா இறந்த மௌத்துக்குக்கூட லீவு கிடைக்காமல் அறைக் கட்டிலில் உட்கார்ந்து போனில் அழுதவர்கள் இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் லீவ் என்றால் அனுமதி என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து வயதில் போய் ஐம்பத்தைந்தில் திரும்புகிறார் ஒருவர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாதம் லீவு. முப்பது வருடத்தில் 15 லீவு, ஆக 30 மாதம். இரண்டரை வருடம். அதற்குள்தான் கல்யாணம், பிள்ளை பிறப்பு, தங்கச்சி நிக்காஹ், மச்சானோடு சண்டை, சமாதானம், வீடு கட்டுவது எல்லாம். மாடிக்கு டைல்ஸ், வாசலுக்கு கிரில், மகளுக்கு ஒரு அறை என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் அவர் மொத்தமாகப் படுத்து எழுந்தது சில நூறு இரவுகள். அந்த வீட்டில் அவர் விருந்தாளி. விருந்தாளி என்பதால்தான் தினமும் பிரியாணி. அவருக்கு ஆசை பழையசோறு. கேட்டால் சங்கடம் என்று கேட்க மாட்டார்.

வீடு என்ற சொல்லைப் பாருங்கள். விடு என்பதிலிருந்து வந்தது அது. விடுப்பு, விடுமுறை, விடுதி, விடுதலை எல்லாம் அந்தக் குடும்பம். விடை என்ற சொல் கேள்விக்குப் பதிலாகவும் இருக்கிறது, கிளம்ப அனுமதியாகவும் இருக்கிறது. வேலையை விட்டு, வெயிலை விட்டு வந்து சேரும் இடம் வீடு. எல்லாவற்றையும் விட்ட பிறகு கிடைப்பதும் வீடு. அறம் பொருள் இன்பத்துக்கு அடுத்த வீடு. லால்பேட்டைக்கு அருகிலேயே காட்டுமன்னார்கோயில் இருக்கிறது. நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊர். அவர் மீட்டுத் தந்த திருவாய்மொழியில் நம்மாழ்வார் ஒரே பாசுரத்தில் வீடு என்ற சொல்லை நான்கு முறை திருப்பித் திருப்பி வைக்கிறார். விடுவதற்கும் அடைவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்துக்கொண்டது சொல் பஞ்சத்தால் அல்ல என்று அதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

அதே எண்ணம் லால்பேட்டையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியைக் கேட்டபோதும் வந்தது. ஒருவர் இறந்த செய்தி. தாருல் ஃபனாவை விட்டு தாருல் பகாவை அடைந்தார் என்றார்கள். தமிழ் முஸ்லிம்களின் மௌத் அறிவிப்பில் வழக்கமாக வருவதுதான். எத்தனையோ முறை காதில் விழுந்திருக்கிறது. அன்றுதான் பிரித்துப் பார்த்தேன். தார் என்றால் வீடு. ஃபனா அழிவது, பகா எஞ்சி நிலைப்பது. அழியும் வீட்டை விட்டு, நிலைக்கும் வீட்டுக்கு. விடு, வீடு, மிச்சம் இருப்பது என்று நான் மூன்று மொழிகளில் தேடி அலைந்தது ஒரே வாக்கியத்தில், மைக்கில், தெருமுனை வரைக்கும் கேட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் நாம் நம்முடையது என்று நினைக்கும் எந்த வீட்டிலும் எல்லாருமே லீவில் வந்தவர்கள்தாம். சபராளிக்கு டிக்கெட்டில் தேதி இருக்கிறது, நமக்கு இல்லை.

கடைசியாகப் போனபோது ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அறுபதை நெருங்கும் ஒருவர் வந்தார். வெள்ளைக் கைலி, புதுச் செருப்பு, கையில் மார்க்கெட் பை. பெஞ்சில் இருந்த இளைஞன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"எப்ப வந்தீங்க மாமு?"

"பத்து நாளாச்சு தம்பி."

"எத்தனை மாசம் லீவு?"

"லீவு இல்லப்பா. முடிச்சிட்டு வந்துட்டேன். ஃபைனல் எக்ஸிட்."

மூன்றாவது கேள்வி அவன் வாய்வரைக்கும் வந்துவிட்டது, பார்த்தேன். அதை விழுங்கிவிட்டு, கடைக்காரரிடம் திரும்பி, "மாமுவுக்கு ஒரு டீ" என்றான். அவர் டீயை வாங்கி, ஆற்றி, அவசரமே இல்லாமல் குடித்தார்.