மேடை இல்லாத பேச்சு

இனச் சமத்துவம், பேச்சு என்றதும் 1963 வாஷிங்டனும் மார்ட்டின் லூதர் கிங்கும்தான் நமக்கு ஞாபகம் வருகிறது. பிரசங்கியார் வீட்டுப் பிள்ளை, பழகிய நாக்கு. குறையாகச் சொல்லவில்லை. ஆனால் மேடை பழகாத ஒருத்தி வாயைத் திறந்தால் அதைப் பேச்சு என்று யார் கணக்கில் வைப்பது?

ஃபேனி லூ ஹேமர், மிசிசிப்பியில் வாரக் குடியானவர் வீட்டில் இருபதாவது பிள்ளை. ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போனவர். தனக்கும் ஓட்டு உண்டு என்பதே 44 வயதில்தான் தெரியும். 1962இல் பெயர் பதியப் போனார். அன்றைக்கே பண்ணையை விட்டுத் துரத்தினார்கள். 1963இல் வினோனா சிறையில் அடி. போலீஸ் உத்தரவில் அடித்தவர்கள் கறுப்புக் கைதிகள். (நம்மாளை வைத்தே நம்மை அடிப்பது நமக்குத் தெரியாததா?)

1964 ஆகஸ்ட் 22, அட்லாண்டிக் சிட்டி. ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழு முன்னால் இதை நடந்தது நடந்தபடி சொன்னார். அன்று கிங்கும் அங்கே பேசினார். ஆனால் அதிபர் ஜான்சன் பயந்தது இந்த அம்மாவுக்குத்தான். திடீரென்று பத்திரிகையாளர்களைக் கூட்டி, கேமராக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ராத்திரி அதே பேச்சு தொலைக்காட்சியில் நாடெங்கும் ஓடியது.

அப்புறம்? வெள்ளையர் மட்டுமே இருந்த மிசிசிப்பிக் குழுவை எதிர்த்து வந்தவர்களுக்குத் தர முன்வந்தது இரண்டே இடம். கூட நின்ற பெரியவர்கள் சிலரே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். முடியாது என்றார் ஹேமர். என்னைக் கேட்டால் அந்த மறுப்பும் சேர்ந்ததுதான் அவர் பேச்சு. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மாநாட்டில் பிரதிநிதியாக அவர் உட்கார்ந்தது 1968இல், சிகாகோவில்.