விதை யாருடையது?

காய்கறித் தோட்டம் வைத்திருப்போர் அறிந்த வழக்கம் ஒன்று உண்டு. கொடியில் முதலில் காய்க்கும் திரட்சியான சுரைக்காயைப் பறிக்க மாட்டார்கள். ‘அது விதைக்கு’ என்று விட்டுவிடுவார்கள். மற்றக் காய்களெல்லாம் குழம்புக்குப் போக, அது மட்டும் முற்றி, கொடியிலேயே உலர்ந்து, குலுக்கினால் உள்ளே விதை ஒலிக்கும்வரை காத்திருக்கும். எஞ்சியதை எடுத்து வைப்பது சேமிப்பு. சிறந்ததை உண்ணாமல் வைப்பது நோன்பு.

இவ்விதம் காக்கப்படும் விதைக்குப் பின்னால் உழைப்பும் உண்டு. கத்தரிக்காயை மஞ்சளாகப் பழுக்கவிட்டு, நீரில் பிசைந்து, மிதக்கும் பதரை நீக்கி, அடியில் தங்கியதை உலர்த்தி, சாம்பல் கலந்து வைக்க வேண்டும். பூசணி விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பி வைப்பார்கள். இத்தனை பாடுபட்டுக் காத்த விதையை, அண்டை வீட்டார் கேட்டதும் ஒரு பிடி அள்ளிக் கொடுத்துவிடுகிறார்களே, அது எதனால்? தயாள குணம் என்று சொல்லி நிறுத்திவிடலாமா?

முடியாது என்றே தோன்றுகிறது. தருமம் செய்கிறவரின் கையில் கொடுத்தது குறைகிறது. விதை கொடுக்கிறவருக்கோ, கொடுத்ததே காவலாகிறது. பெருமழையாலோ பூச்சியாலோ என் கொடி பட்டுப்போனால், நான் கொடுத்த விதை இன்னொருவர் பந்தலில் பிழைத்திருக்கக்கூடும். இன்று கொடுத்த நான் நாளை அவர் வாசலில் கையேந்தி நிற்கலாம். ஆகவே இங்கே கொடுப்பவர் உயர்வதுமில்லை, பெறுபவர் தாழ்வதுமில்லை.

அப்படியானால், உழைத்துக் காத்தவருக்கு உரிமை இல்லையா? உண்டு, ஆனால் அது முழு உரிமையன்று. பூசணிப் பூவை நாடி வரும் தேனீக்கு வேலி தெரியாது. என் தோட்டத்து விதையில் அயலார் பூவின் மகரந்தமும் கலந்திருக்கலாம். பெயர் தெரியாத முன்னோர் பலர் தேர்ந்து தேர்ந்து விதைத்ததன் பயன் அதில் இருக்கிறது. அதனுள் இருக்கும் உயிரோ இறைவன் அளித்தது. எனவே நான் அதன் பொறுப்பாளனே. பொறுப்பாளனுக்கு நேர்மை வேண்டும். கசப்புச் சுரையின் விதையைத் தெரிந்தே கொடுப்பது நஞ்சைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

இன்று பலர் ஆண்டுதோறும் கடையில் வீரிய ஒட்டு விதை வாங்குகிறார்கள். அது மிகுதியாகக் காய்க்கிறது. அதை உருவாக்கியவர்கள் தங்கள் உழைப்புக்கு விலை கேட்பதும் அநீதியன்று. ஆனால் அதிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தருவதில்லை. மறுபடியும் வாங்கத்தான் வேண்டும். பழைய விதைகள் மறைந்துபோன ஊரில், வாங்க இயலாதவரின் கதி என்ன? தொடக்கநூலின் 47ஆம் அதிகாரம் சிந்திக்க வைக்கிறது. பஞ்சத்தில் எகிப்தியர் பணத்தை இழந்தனர், கால்நடைகளைக் கொடுத்தனர், இறுதியில் நிலத்தையும் தங்களையுமே பார்வோனுக்கு விற்றனர். அதன் பின்னரே யோசேப்பிடமிருந்து விதை பெற்றனர். உயிர் பிழைத்தனர், உரிமையை இழந்தனர்.

நம் நாட்டில் 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பயிர் இரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தம் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், மீண்டும் விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உழவருக்கு உரிமை அளிக்கிறது. பாதுகாக்கப்பட்ட இரகத்தின் விதையை வணிக முத்திரையுடன் விற்பதற்கு மட்டும் அதில் இடமில்லை. சட்டம் உரிமையைக் காக்கலாம். விதையைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது. யாரும் விதைக்காமல் டப்பாவில் கிடக்கும் விதை, சில ஆண்டுகளில் முளைக்கும் திறனை இழந்துவிடும். மண்ணில் விழும் கோதுமை மணியைப் பற்றி ஆண்டவர் கூறியதைத் தோட்டக்காரர் ஒவ்வோர் ஆண்டும் கண்ணாரக் காண்கிறார்.

ஆடிப் பட்டத்திற்கு முன், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் நாம் நின்று பேசும் சில நிமிடங்கள் போதும். நம்மிடமுள்ள அவரை விதையில் ஒரு பிடி கொடுத்து, நம்மிடம் இல்லாத பீர்க்க விதையைக் கேட்டுப் பெறலாம். கொடுப்பதைக் காட்டிலும் கேட்பதற்கே நமக்குத் தாழ்ச்சி அதிகம் தேவைப்படும்.